முள்ளைப் பார்த்து அச்சைத் தேடு

ஜிக் ஹெட், அதாவது முள்ளோடு சேர்த்து வார்த்த ஈயத் தலை, வார்க்க எந்த அச்சு வாங்கலாம் என்று தூண்டில்காரர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "எல்லா எடையும் இருக்கிற அச்சா பார்த்து ஒண்ணு வாங்கிடுங்க, அது போதும்." ஒரே அலுமினியப் பலகையில் சின்னதிலிருந்து பெரிது வரை ஏழெட்டுக் குழிகள் வரிசையாக இருக்கும். 1/16 அவுன்ஸில் தொடங்கி 1 அவுன்ஸ் வரை போகும். பார்க்கவே நிறைவாக இருக்கும். ஒரு தடவை செலவழித்தால் எல்லாத் தேவையும் தீர்ந்துவிடும் என்றுதான் யாருக்கும் தோன்றும். அந்தப் பதில் எனக்கு மட்டும் உறுத்திக்கொண்டே இருந்தது. தப்பான பதில் என்று சொல்ல முடியாது, அந்த அச்சை வைத்து நல்ல ஜிக் ஹெட் வார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பதிலில் தூண்டில் முள்ளைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மீனைப் பிடிப்பது முள். ஈயம் அதைக் கீழே கொண்டுபோய் சேர்க்கிறது, அவ்வளவுதான். பேச்சு மட்டும் எப்போதும் ஈயத்தைப் பற்றியும் குழியைப் பற்றியுமே ஓடுகிறது.

நான் பெரும்பாலும் பாறை அடியில் தூண்டில் போடுகிறவன். பாறை அடியில் ஜிக் ஹெட் தொலைவது அன்றாடச் சங்கதி. இடுக்கில் மாட்டும், இழுத்துப் பார்ப்போம், நரம்பு (தூண்டில் நூல்) அறும், அடுத்ததைக் கட்டுவோம். அதனால் எனக்கு ரொம்பப் பிடித்தது மெல்லிய கம்பியில் செய்த முள். பாறையில் மாட்டினால் நிதானமாக அழுத்தம் கொடுத்து இழுக்கலாம். முள் கொஞ்சம் விரிந்து கொடுத்து வெளியே வந்துவிடும், குறட்டால் வளைத்துப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்து மறுபடி போடலாம். தடித்த கம்பி முள் விரியாது, நரம்புதான் அறும். பெரிய மீன் மட்டுமே குறி என்றால் தடித்த முள்தான் சரி, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. என் பாறைக்கும் என் மீனுக்கும் மெல்லிய முள். அது ஏற்கெனவே முடிவான விஷயம். அந்த முள்ளை ஏற்றுக்கொள்கிற அச்சு எது என்பதுதான் கேள்வியாக இருந்தது.

விளக்கில் தெரிந்த கோடு

என்னோடு சேர்ந்து தூண்டில் போடுகிற மூத்தவர் ஒருவர் இருக்கிறார், அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பல வருடமாகச் சொந்தமாக வார்க்கிறவர். அச்சு வாங்குவதைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "எந்த முள்ளை வச்சு வார்க்கப் போற தம்பி?" நான் முள் பெட்டியை எடுத்து வைத்தேன். அவர் தன்னுடைய பழைய அச்சு ஒன்றைக் கொண்டுவந்தார். கீல் போட்டு, புத்தகம் மாதிரி திறந்து மூடுகிற அலுமினிய அச்சு. கைப்பிடி கறுத்துப் போயிருந்தது, உள்பக்கம் மெழுகுவர்த்திப் புகை படிந்து மங்கலாக இருந்தது. அடுப்பும் இல்லை, ஈயமும் இல்லை. "உருக்காமலே பாதி பதில் தெரிஞ்சிடும், பாரு" என்றார்.

என் மெல்லிய முள் ஒன்றை எடுத்து ஒரு குழியில் கிடத்தினார். அச்சில் முள்ளுக்கென்று வெட்டிய தடத்தில் மூன்று இடங்கள் முக்கியம். முள்ளின் காது, அதாவது நரம்பு கட்டுகிற வளையம், உட்காருகிற பள்ளம் ஒன்று. காதுக்குக் கீழே தண்டு மடங்குகிற திருப்பம் இரண்டாவது. தலையை விட்டுத் தண்டு வெளியே வருகிற வாய் மூன்றாவது. காது சரியாக உட்கார்ந்தது. திருப்பமும் பொருந்தியது. வெளியே வருகிற வாயில் மட்டும் முள் இப்படியும் அப்படியும் ஆடியது. தடம் தடித்த கம்பிக்காக வெட்டியது, என் கம்பி மெல்லியது. விரல் நுனியால் தொட்டால் முள்முனை இடது பக்கம் சாய்ந்தது, விட்டால் அங்கேயே நின்றது. அப்படியே ஈயத்தை ஊற்றினால் முள் சாய்ந்த நிலையிலேயே உறைந்துவிடும். தண்ணீரில் முள்ளில் மாட்டிய ரப்பர் மீன் ஒரு பக்கமாகச் சரிந்தபடி வரும். அதோடு தண்டைச் சுற்றி இருக்கிற இடைவெளியில் ஈயம் ஒழுகி வால் மாதிரி பிசிறு நிற்கும். ஒவ்வொன்றையும் வெட்டி, அரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அப்புறம் தன் பெட்டியிலிருந்து ஒரு தடித்த முள்ளை எடுத்தார். அதே அளவு, 2/0தான். வேறு கம்பெனி. குழியில் வைத்து அச்சை மூடி, விளக்குக்கு எதிரே கண்மட்டத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு பாதிக்கும் நடுவில் தலைமுடி கனத்துக்கு வெளிச்சம் ஒரு கோடாக ஓடியது. அந்த முள்ளின் காது கொஞ்சம் பெரிது, பள்ளத்தில் முழுசாக இறங்கவில்லை. கையால் அழுத்தினாலும் கோடு மறையவில்லை. அந்தக் கோடு முழுவதும் ஈயம் பரவும், தலையைச் சுற்றித் தகடு மாதிரி நிற்கும். பெட்டியின் மேல் இரண்டுக்கும் 2/0 என்றுதான் எழுதியிருந்தது. முள்ளின் அளவு எண்ணுக்கு எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கணக்கு கிடையாது என்று அதுவரை கேள்விப்பட்டதோடு சரி, அந்த வெளிச்சக் கோட்டில்தான் அதன் அர்த்தம் கண்ணுக்குத் தெரிந்தது.

மூன்றாவதாக ஒரு முள் வைத்தார். அந்த அச்சு எந்த முள்ளுக்காகச் செய்யப்பட்டதோ அதே முள். மூடினால் "டக்" என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். விளக்கில் பிடித்தால் வெளிச்சம் இல்லை. வெளியே நீட்டியிருந்த வளைவைச் சுண்டிப் பார்த்தேன், அசையவே இல்லை. நல்ல அச்சு செய்கிறவர்கள் எந்தக் கம்பெனியின் எந்த வரிசை முள் இதற்குப் பொருந்தும் என்று எண்ணோடு குறிப்பிடுகிறார்கள். அந்தக் குறிப்பைப் பலர் ஒரு சிபாரிசு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது அச்சின் அளவின் ஒரு பகுதி. குழி எவ்வளவு பெரியது என்பது எப்படி மாறாத விவரமோ, எந்த முள் என்பதும் அப்படித்தான்.

அன்றைக்கு எனக்கு ஒரு விஷயம் தெளிவானது. அச்சைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கு முள் தேடுகிறவர் அச்சுக்காரர் நம்பிய முள்ளை வைத்துத்தான் மீன் பிடிக்கப் போகிறார். தான் நம்புகிற முள்ளைக் கையில் வைத்துக்கொண்டு அச்சைத் தேடுகிறவருக்குத் தேர்வு குறைவு, பட்டியலில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகும். மிச்சம் இருக்கிறதில் எதை வாங்கினாலும் கைக்கு வருவது தன் தூண்டிலுக்கு ஏற்ற ஜிக் ஹெட்.

தடத்தை அரத்தால் பெரிதாக்கிக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். செய்கிறார்கள், நானும் அண்ணன் செய்யக் கூடவே இருந்து பார்த்திருக்கிறேன். அலுமினியம் மென்மையான உலோகம், சின்னச் சுழல் அரத்துக்குச் சுலபமாக விட்டுக்கொடுக்கும். காது உட்காருகிற பள்ளத்தை மட்டும் இரண்டு பாதியிலும் சமமாக, கொஞ்சம் கொஞ்சமாக ஆழப்படுத்துவதில் பெரிய ஆபத்து இல்லை. தண்டு வெளியே வருகிற வாயைத் தொடுவதற்கு முன்னால்தான் நூறு தடவை யோசிக்க வேண்டும். அங்கே எடுத்த உலோகத்தைத் திரும்ப வைக்க முடியாது, மெல்லிய முள்ளுக்கு அந்தக் குழி அதோடு உதவாமல் போய்விடும். தடித்த முள்ளுக்காகத் தடத்தைப் பெரிதாக்கலாம், மெல்லிய முள்ளுக்காகச் சின்னதாக்க வழி கிடையாது. மெல்லிய முள் விரும்பிகள் இன்னும் கவனமாக அச்சைத் தேட வேண்டியிருப்பது இதனால்தான்.

காது எந்தப் பக்கம் பார்க்கிறது

முள் முடிவாகிவிட்டால் கூடவே இன்னொன்றும் முடிவாகிவிடுகிறது. ஜிக் முள்ளின் தண்டு காதுக்குக் கொஞ்சம் முன்னால் மடங்கியிருக்கும். அந்த மடக்கு 90 டிகிரியாக இருந்தால் காது தலையின் உச்சியில் நேராக நிற்கும். 60 டிகிரி என்றால் முன்பக்கமாகச் சாய்ந்திருக்கும். 30 டிகிரிக்குப் பக்கத்தில் இருந்தால் கிட்டத்தட்ட மூக்கு நுனியிலேயே நரம்பு கட்டுகிற மாதிரி அமையும். 90 டிகிரிக்கு வெட்டிய அச்சில் 60 டிகிரி முள்ளை வைக்கவே முடியாது, தடம் ஏற்காது.

படகுக்கு நேர் கீழே இறக்கி மேலும் கீழும் ஆட்டுகிறவர்களுக்கு 90 டிகிரி மாதிரி எதுவும் இல்லை. நரம்பு நேர் மேலிருந்து பிடிக்கிறது, தலை கிடைமட்டமாகத் தொங்குகிறது, ரப்பர் மீன் நிஜ மீன் நிற்கிற நிலையிலேயே நிற்கிறது. கரையிலிருந்து தூர வீசி, அடியில் தட்டித் தட்டி இழுத்து வருகிற எனக்கு 60 டிகிரிதான் கைக்கு வந்தது. இழுக்கிற திசையும் காதின் திசையும் நெருங்கி இருப்பதால் தலை இடுக்கில் மூக்கை நுழைக்காமல் பாறை மேல் ஏறி வருகிறது. பாசிக்குள் இழுப்பவர்களுக்கு 30 டிகிரி. காது மூக்கிலேயே இருப்பதால் பாசி வந்து தங்குவதற்கு மூலை கிடையாது.

இதைச் சோதிக்க நீர்நிலைக்குப் போகக்கூட வேண்டாம். ஒரு வாளித் தண்ணீர் போதும். யாரிடமாவது அதே அச்சில் வார்த்த தலை ஒன்று கேட்டு வாங்கி, நீங்கள் போடுகிற ரப்பர் மீனை மாட்டி, நரம்பு கட்டி வாளியில் தொங்கவிட்டுப் பாருங்கள். ரப்பர் மீன் இல்லாமல் பார்த்தால் பிரயோஜனம் இல்லை. மிதக்கிற ரப்பராக இருந்தால் வாலை மேலே தூக்கும், கனமான ரப்பராக இருந்தால் வால் தொங்கும். அப்புறம் மெதுவாக அடியில் இறக்குங்கள். உருண்டைத் தலை என்றால் பக்கவாட்டில் சாய்ந்துவிடும். அடி தட்டையாக வெட்டிய தலை முள்முனையை மேலே தூக்கியபடி நிற்கும். அச்சுப் பட்டியலில் எவ்வளவு படம் பார்த்தாலும் வாளியில் தெரிகிற அளவுக்குத் தெரியாது.

தலையின் வடிவத்தைப் பற்றி நிறையப் பேர் நிறைய எழுதுகிறார்கள், நான் சுருக்கமாகக் கடந்துபோகிறேன். உருண்டை, தட்டையடி, கால்பந்து வடிவம், ஈட்டித் தலை, மீன் முகம் என்று வகைகள் ஏராளம். கால்பந்து வடிவம் குறுக்காக நீண்டிருப்பதால் கல்லடியில் உருண்டு ஆடி வரும், ஈட்டித் தலை பக்கவாட்டில் வழுக்கிப் போகும். இதெல்லாம் உண்மைதான். முதல் அச்சு வாங்குகிறவருக்கு என் சிபாரிசு உருண்டை. ஒரே எடைக்கு மேற்பரப்பு மிகக் குறைவான வடிவம் அது. நேராக இறங்கும், காற்றில் வீசும்போது அலையாது. வார்க்கும்போதும் மூலை முடுக்கு இல்லாததால் உலோகம் சீக்கிரம் நிரம்பும். மீன் முக அச்சில் கண்ணும் செவுளும் தெளிவாக விழவேண்டும் என்றால் அச்சும் ஈயமும் இன்னும் சூடாக இருக்க வேண்டும். அந்தப் பழக்கம் கைக்கு வந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எட்டுக் குழியில் எத்தனை குழி உங்களுடையது

இப்போது அந்த "எல்லா எடையும் இருக்கிற அச்சு" விஷயத்துக்கு வருகிறேன். 1/16 அவுன்ஸ் என்றால் 1.8 கிராம்கூட முழுசாக இல்லை. 1 அவுன்ஸ் 28.35 கிராம். பதினாறு மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே பலகையில் இருக்கும்போது சூட்டின் கணக்கு சிக்கலாகிறது. காரீயம் 327.5 டிகிரி செல்சியஸில் உருகுகிறது, வார்க்கும்போது அதைவிட ஐம்பது, நூறு டிகிரி கூடுதலாக வைத்திருப்பார்கள். அலுமினியம் சூட்டைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். 1.8 கிராம் ஈயத்தில் இருக்கிற சூடு எவ்வளவு? குழியின் சுவரைத் தொட்டதுமே உறைந்துவிடும், பாதித் தலைதான் கிடைக்கும். அச்சு நன்றாகச் சூடேறிய பிறகுதான் சின்னக் குழிகள் முழுசாக நிரம்பும். அதற்குள் பெரிய குழி இருக்கிற முனை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கும், அங்கே தலை உறைய நேரம் எடுக்கும், அவசரப்பட்டுத் திறந்தால் கழுத்து ஒடியும். அனுபவசாலிகள் முதலில் முள் வைக்காமலே சில தடவை ஊற்றி அச்சைச் சூடாக்கிவிட்டு, சின்னக் குழிகளை முந்தி நிரப்பி, இதைச் சமாளிக்கிறார்கள். சமாளிக்க முடியும். ஆனால் சமாளிக்க வேண்டிய அவசியம் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

உங்கள் பெட்டியைத் திறந்து பாருங்கள். எந்த எடை காலியாகி இருக்கிறது, எந்த எடை வாங்கிய நாள் முதல் அப்படியே கிடக்கிறது? என் பெட்டியில் காலியாவது 3/8 அவுன்ஸ், அதாவது 10.6 கிராம். நீரோட்டம் வேகமாக இருக்கிற நாட்களில் 1/2 அவுன்ஸ், 14.2 கிராம். 1/8 அவுன்ஸ் துருப்பிடித்துக் கிடக்கிறது. அப்படியிருக்க எட்டு எடை அச்சில் எனக்கு உதவுவது இரண்டே குழி. ஒவ்வொரு தடவை மூடித் திறக்கும்போதும் எனக்கு வேண்டிய தலை இரண்டுதான் விழும், மீதி ஆறும் சும்மா. நான்கு குழியும் ஒரே எடையாக இருக்கிற அச்சில் நான்கும் எனக்கு வேண்டியது, சூடும் சீராகப் பரவும், ஒரு பதம் பிடிபட்டுவிட்டால் வரிசையாக ஒரே மாதிரி விழும். இன்னொரு காரணமும் இருக்கிறது. எட்டு எடை அச்சில் குழிக்குக் குழி முள்ளின் அளவும் மாறும், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி முள் பெட்டி வாங்க வேண்டும். அச்சு ஒன்றுதான், முள் வகை நாலைந்து. முள்ளை முதலில் வைத்து யோசித்தால் இந்தச் செலவு உடனே கண்ணில் படுகிறது.

நான் இப்படிச் சொன்னால், புதிதாகத் தூண்டில் பிடிக்கிறவருக்குத் தனக்கு எந்த எடை தேவை என்றே தெரியாதே என்று திருப்பிக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. அவர் இப்போதைக்கு அச்சு வாங்க வேண்டாம் என்பதுதான் என் பதில். கடையில் கலந்து வாங்கி ஒரு பருவம் முழுக்கப் போடட்டும். எது தொலைகிறதோ அதுதான் அவருடைய எடை.

அச்சைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது

நேரில் பார்த்து வாங்க முடிந்தால் அச்சைத் திறந்து மூடிப் பாருங்கள். கீலில் ஆட்டம் இருக்கக் கூடாது. இரண்டு பாதியும் ஒன்றுக்கொன்று நேராக உட்கார வழிகாட்டி முனைகள் இருக்கும், அவை வழுவழுவென்று இறங்க வேண்டும். ஈயம் ஊற்றிப் பார்க்கத் தேவையில்லை, ஏற்கெனவே அந்த அச்சில் வார்த்த ஒரு தலையைக் கேட்டு நகத்தால் நடுக்கோட்டை வருடுங்கள். படிக்கட்டு மாதிரி நகம் தட்டினால் இரண்டு பாதியின் குழியும் நேர்க்கோட்டில் இல்லை என்று அர்த்தம். அது எந்தப் பயிற்சியாலும் சரியாகாது. ஊற்று வாய் அகலமாக இருக்கிறதா என்று பாருங்கள், கரண்டியால் ஊற்றுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அடியில் குழாய் வைத்த, ஈயம் உருக்குகிற சட்டி வைத்திருப்பவர்கள் அச்சும் கைப்பிடியும் அந்தக் குழாய்க்குக் கீழே நுழையுமா என்பதையும் அளந்துகொள்ள வேண்டும்.

ரப்பர் மீனைப் பிடித்து நிறுத்துகிற கழுத்தும் அச்சோடு வருகிற விஷயம், பின்னால் ஒட்ட முடியாது. சில அச்சில் வெறும் உருளை, சிலவற்றில் பின்பக்கம் பார்த்த கூரான முள்வரி, சிலவற்றில் கம்பி வைத்து வார்க்கிற ஏற்பாடு. தடித்த கழுத்து மெல்லிய ரப்பரைக் கிழித்துவிடும். நீங்கள் போடுகிற ரப்பரை எடுத்துப்போய்க் கழுத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சிலிகான் அச்சு, பிளாஸ்டர் அச்சு பற்றியும் சொல்லியாக வேண்டும். பிடித்த தலை ஒன்றை வைத்து நாமே நகல் எடுத்துக்கொள்ளலாம், எந்த முள் வேண்டுமோ அதற்கே தடம் அமையும். என் வாதத்துக்கு இதைவிடப் பொருத்தமான அச்சு வேறில்லை. ஆனால் பிளாஸ்டரில் ஈரம் கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் உருகிய ஈயம் பட்டதும் அது ஒரு நொடியில் நீராவியாகி ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். வெளியே தொட்டால் காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். அடுப்பில் மிதமான சூட்டில் நெடுநேரம் உலர்த்தாமல் யாரும் அதில் ஊற்றவே கூடாது. அப்படி உலர்த்திய அச்சும் நாளடைவில் விரிசல் விட்டு உதிரும். வார்ப்புக்கென்று வருகிற சிலிகானில் கெட்டியானது சுமார் 300 டிகிரிக்குக் கீழே உருகுகிற உலோகங்களுக்கு நன்றாகத் தாங்கும். காரீயத்தின் சூடு அதைத் தாண்டியது, ஓரங்கள் சீக்கிரம் கருகும். சிலிகானைத் தேர்ந்தெடுப்பது என்றால் உலோகத்தையும் மாற்றிக்கொள்வது என்றே பொருள்.

எந்த உலோகத்துக்கு அச்சு

உலோகம் எனக்கு ரொம்ப நாள் தீராத கேள்வி. காரீயம் நச்சு. உருக்குவது வெட்டவெளியில் அல்லது நல்ல காற்றோட்டத்தில், சமையலுக்குத் திரும்பவே போகாத சட்டியில், குழந்தைகளை அருகில் விடாமல், முடிந்ததும் கை கழுவி உடை மாற்றி என்று கவனமாக இருந்துகொள்ளலாம். அது நம் கையில் இருக்கிறது. அறுந்து அடியில் கிடக்கிற தலை நம் கையில் இல்லை. நீர்ப்பறவைகள் அரைவைப் பைக்காகச் சின்னக் கற்களை விழுங்கும், அதோடு சின்ன ஈயத் துண்டையும் விழுங்கும். அன்னங்கள் அப்படிச் செத்ததால்தான் பிரிட்டனில் 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையிலான காரீயத் தூண்டில் எடைகளின் விற்பனையை 1987இல் நிறுத்தினார்கள். கனடாவின் தேசியப் பூங்காக்களில் 50 கிராமுக்குக் குறைந்த காரீய எடையும் காரீய ஜிக்கும் 1997 முதல் கூடாது. ஜிக் ஹெட் அடிக்கடி தொலைகிற பாறையடிக்காரன் நான். எனக்கு இது வெறும் செய்தியாகக் கடந்துபோகிற விஷயம் இல்லை. அடியில் விட்டுவிட்டு வருகிற ஒவ்வொன்றும் என் கையால் வார்த்தது.

மாற்று என்று பார்த்தால் வெள்ளீயம் இருக்கிறது, 232 டிகிரியில் உருகும். பிஸ்மத் 271 டிகிரி. இரண்டையும் கலந்து, பிஸ்மத் 58 பங்கும் வெள்ளீயம் 42 பங்குமாக எடுத்தால் 138 டிகிரியிலேயே உருகிவிடும். டங்ஸ்டனைப் பற்றிக் கேட்பார்கள், அது 3,400 டிகிரிக்கு மேல், வீட்டில் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது. நான் பிஸ்மத் கலவைக்கு வந்துவிட்டேன். குறைந்த சூடு, அச்சின் நுணுக்கமான வரிகூடத் தெளிவாக விழும். உறையும்போது பிஸ்மத் சுருங்காமல் விரிகிற உலோகம், அதன் பலன் இது. கொஞ்சம் நொறுங்கும் தன்மை இருக்கிறது, கழுத்தில் மெல்லிய முள்வரி உள்ள அச்சில் அந்த வரி உடைந்துவிடும். அதனால் தடித்த, மழுங்கிய கழுத்துள்ள அச்சாகப் பார்த்து எடுத்தேன். பெயின்ட் விஷயத்திலும் ஒரு கவனம் வேண்டும். காரீயத் தலைக்குப் பவுடர் பெயின்ட் பூசி 177 டிகிரியில் அடுப்பில் வைத்து இறுக்குவது வழக்கம். 138 டிகிரியில் உருகுகிற தலையை அங்கே வைத்தால் முள் மட்டும் தொங்கும், உலோகம் தட்டில் கிடக்கும். தானே காய்கிற பெயின்ட்தான் இதற்கு.

அச்சைத் தேர்வதில் இது எங்கே வருகிறது என்றால் எடையில். அச்சில் பொறித்திருக்கிற எண் காரீயத்துக்கானது. காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம். வெள்ளீயம் 7.3. பிஸ்மத்–வெள்ளீயக் கலவை 8.6 அளவில் வரும். ஆக 3/8 அவுன்ஸ் குழியில் இந்தக் கலவையை ஊற்றினால் கிடைப்பது 10.6 கிராம் இல்லை, 8 கிராம்தான். சுத்த வெள்ளீயம் என்றால் 7 கிராமுக்கும் கீழே. அதே பழைய அச்சில் உலோகத்தை மட்டும் மாற்றிவிட்டு, "இந்தக் கலவை சீக்கிரம் இறங்க மாட்டேங்குது" என்று குறைப்படுகிறவர்கள் குழியின் எண்ணை நம்பியவர்கள்தான். 1/2 அவுன்ஸ் குழியில் ஊற்றினால் 10.7 கிராம் வருகிறது, நான் தேடுகிற 3/8க்கு கிட்டத்தட்ட சமம். அதனால் வாங்கியது நான்கு குழியும் 1/2 அவுன்ஸாக இருக்கிற, 60 டிகிரி உருண்டை அச்சு. ஓட்டம் வேகமாக இருக்கிற நாளுக்கு 3/4 அவுன்ஸ் அச்சு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன், கலவையில் 16 கிராம் சொச்சம் வரும்.

அதிலும் கடைசி வார்த்தை முள்ளிடம்தான் இருக்கிறது. எடைக்காகக் குழி ஒரு படி பெரிதானால் தலையும் பெரிதாகிறது. தலை பெரிதானால் அதன் பின்பக்கத்துக்கும் முள்முனைக்கும் நடுவே மீனின் தாடை நுழைகிற இடம் குறைகிறது. என் பழைய 2/0 முள் 1/2 அவுன்ஸ் தலைக்கு நெருக்கமாகத்தான் நின்றது. அதே கம்பெனி, அதே வரிசையில் ஓர் அளவு பெரிய 3/0 எடுத்தேன். கம்பி ஒரு சுற்று தடிப்பு, இருந்தாலும் பாறையில் மாட்டினால் இன்னும் விரிந்து கொடுக்கிற ரகம்தான். வாங்குவதற்கு முன்னால் அண்ணனையும் கூட்டிக்கொண்டு போய், நான்கு குழியிலும் ஒவ்வொன்றாக வைத்து மூடி, விளக்கில் பிடித்துப் பார்த்தோம். மூன்றில் வெளிச்சம் இல்லை. நான்காவதில் காதுப் பள்ளம் மட்டும் துளி இடித்தது. "இது அரத்துக்கு அடங்கும், எடுத்துக்கோ" என்றார்.